யார் வந்தால் சரிப்படும்? ஓல்ட் டிராஃபர்ட் வாசலில் ஒரு சனிக்கிழமை

மான்செஸ்டரில் ‘ஓல்ட் டிராஃபர்ட்’ என்ற பெயரில் இரண்டு அரங்கங்கள் இருக்கின்றன. டிராமிலிருந்து இறங்கியதும் கண்ணுக்கு எதிரே நிற்பது கிரிக்கெட் அரங்கம். 1990இல் டெண்டுல்கர் தம்முடைய முதல் டெஸ்ட் சதத்தை அடித்தது அங்கேதான். 2019 உலகக் கிண்ண அரையிறுதியில் டோனி ரன் அவுட் ஆகி, நம் வீடுகளில் தொலைக்காட்சியை அணைக்க வைத்ததும் அங்கேதான். காற்பந்துக்காக வந்தவர்கள் அதைத் தாண்டி வாரிக் சாலையில் நடக்க வேண்டும். வழி கேட்க வேண்டிய அவசியமில்லை. ஆட்ட நாளில் சிவப்புக் கழுத்துத்துண்டு போட்ட கூட்டம் ஒரே திசையில் நகர்ந்துகொண்டிருக்கும். அதன் பின்னால் போனால் பத்து நிமிடத்தில் மான்செஸ்டர் யுனைடெட்டின் அரங்கம் வந்துவிடும்.

2024 அக்டோபர் 19ஆம் தேதி நான் அங்கே போனேன். மதியம் மூன்று மணிக்கு பிரென்ட்ஃபோர்டுடன் ஆட்டம். நம் ஊரில் அப்போது இரவு பத்து. மாமாக் கடைத் திரைகளுக்கு முன்னால் நாற்காலி இழுத்துப் போடும் நேரம். மான்செஸ்டரில் படிக்கும் என் அக்காள் மகன், கிள்ளான் பையன், உறுப்பினர் அட்டை வைத்திருந்ததால் இரண்டு டிக்கெட் கிடைத்தது.

“மாமா, இன்னிக்கு ஆட்டத்தைவிட வெளியில பேச்சுதான் சூடா இருக்கும், பாருங்க” என்று டிராமிலேயே சொல்லிவிட்டான்.

காரணம் இருந்தது. ஏழு லீக் ஆட்டங்களில் எட்டே புள்ளிகள், ஐந்தே கோல்கள், பதினான்காவது இடம். பிரிமியர் லீக் தொடங்கியதிலிருந்து யுனைடெட் இவ்வளவு மோசமாக ஒரு பருவத்தைத் தொடங்கியதில்லை. நிர்வாகி எரிக் டென் ஹாக்கின் நாள்கள் எண்ணப்படுகின்றன என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். ‘அடுத்தது யார்?’ என்ற கேள்வி சாலையோரக் கழுத்துத்துண்டு வியாபாரியின் வாயில்கூட இருந்தது.

அந்த வியாபாரிகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பாதி நம் குழு, பாதி எதிரணி என்று இரண்டு நிறமும் கலந்த துண்டு ஒன்று விற்பார்கள். அழகான நினைவுப்பொருள்தான். ஆனால் அதை வாங்கிப் போட்டுக்கொண்டால் உள்ளூர் ரசிகர்கள் உங்களை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். பார்க்க மட்டும் வந்த ஆள் என்று அர்த்தம். ரசிகர்களே எழுதி அச்சிட்டு விற்கும் சிற்றிதழ்களை வாங்குங்கள். அதே தெருவில்தான் கிடைக்கும். குழுவின் அதிகாரபூர்வ நிகழ்ச்சி மலரில் இருக்கவே முடியாத வசவுகள் அவற்றில் இருக்கும். எனக்குப் பாதி புரியவில்லை. புரிந்த பாதி பணத்துக்குத் தகும்.

செஸ்டர் சாலையைக் கடக்கும் முனையில் பிஷப் பிளேஸ் என்ற மதுக்கூடம். ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே வாசல் வரை ஆள். உள்ளே மேசை மேல் ஏறிப் பாடிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் வெளியே, கையில் பழச்சாறுடன், சுவரோரம் நின்றவர்களின் வட்டத்தில் சேர்ந்துகொண்டோம். இந்த ஊரில் முன்பின் தெரியாதவரிடமும் காற்பந்தைப் பற்றி நேரடியாகப் பேச்சைத் தொடங்கலாம். வானிலையைப் பற்றிப் பேசி வழி போட வேண்டியதில்லை.

மூன்று நாள் முன்புதான் தாமஸ் டூகல் இங்கிலாந்து தேசியக் குழுவுக்குப் போகிறார் என்ற அறிவிப்பு வந்திருந்தது. அதனால் பட்டியலின் முதல் பெயரே அடிபட்டுப் போயிருந்தது. “நாம் கோடையிலேயே அவரைப் பிடித்திருக்க வேண்டும்” என்றார் கட்டடச் சாரம் கட்டும் வேலை செய்யும் ஒருவர். அறுபது வயதிருக்கும். கேரத் சவுத்கேட் பெயரை யாரோ எடுத்ததும் அவர் முகம் மாறியது. “அவர் வந்தால் என் சீசன் டிக்கெட்டை அடுப்பில் போடுவேன்.” சவுத்கேட் இங்கிலாந்தை இரண்டு ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டங்களுக்குக் கொண்டு போனவர் என்று நான் மெல்லச் சொன்னேன். “இரண்டிலும் தோற்றார்” என்று முடித்துவிட்டார்.

பக்கத்தில் நின்ற ஆசிரியை ஒருவருக்கு இப்ஸ்விச் நிர்வாகி கியரன் மெக்கென்னா வர வேண்டும். முன்பு யுனைடெட்டில் துணைப் பயிற்றுநராக இருந்த இளைஞர். இப்ஸ்விச்சை மூன்றாம் நிலையிலிருந்து அடுத்தடுத்த இரண்டு பருவங்களில் பிரிமியர் லீக்குக்கு ஏற்றியவர். இன்னொருவர் ஸிடான் என்றார். எல்லாரும் சிரித்தார்கள், ஆனால் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ரூட் வான் நிஸ்டல்ரோய் ஏற்கெனவே டென் ஹாக்கின் பக்கத்து இருக்கையில்தான் உட்கார்ந்திருக்கிறார், அவரிடமே கொடுத்துவிடலாமே என்றார் வேறொருவர். யுனைடெட்டுக்காக 219 ஆட்டங்களில் 150 கோல் போட்டவர் அவர். அக்காள் மகன் போர்ச்சுகலின் ஸ்போர்ட்டிங் குழுவில் இருந்த ரூபன் அமோரிம் பெயரைச் சொன்னான். சாரம் கட்டுபவர் அவனை ஏற இறங்கப் பார்த்து, “அவர் மூன்று தடுப்பாட்டக்காரர்களை வைத்து ஆடுபவர். நம்மிடம் இரண்டு பேரே உருப்படியாக இல்லை” என்றார்.

கேட்டுக்கொண்டே நின்றபோது எனக்கு ஒன்று தோன்றியது. இவர்கள் பேசுவது பயிற்சி முறையைப் பற்றி அல்ல. ஸிடான் என்பவருக்கு, உலகமே திரும்பிப் பார்த்த அந்தப் பழைய பெரிய குழு திரும்ப வேண்டும். மெக்கென்னா என்பவருக்கு, வீட்டுப் பிள்ளையை வளர்த்து ஆளாக்கும் குழு வேண்டும். நிஸ்டல்ரோய் பெயரில் இருப்பது வெறும் ஏக்கம். முன்னாள் ஆட்டக்காரர் ஒருவரைத் தற்காலிகமாக உட்கார வைத்து, முதல் 19 ஆட்டங்களில் 14 வெற்றி வந்ததும் மனமுருகி நிரந்தரமாக்கிய கதை இங்கே ஏற்கெனவே நடந்தது. ஒலே குன்னார் சோல்ஷார். 2021 நவம்பரில் வாட்ஃபோர்டிடம் 4-1 தோற்ற மறுநாள் அவரையும் அனுப்பினார்கள். அது நினைவில் இருந்தும் மறுபடி அதையே கேட்கிறார்கள்.

சாலையைக் கடந்தால் சர் மேட் பஸ்பி வே. இந்தத் தெருவில் நடக்கும் எந்த நிர்வாகிப் பேச்சும் பாதியில் இரண்டு சிலைகளின் மேல் மோதி நிற்கும். அரங்கத்தின் கிழக்கு முகப்பில் பஸ்பி, கையில் பந்துடன். எதிரே அவர் உருவாக்கிய பெஸ்ட், லா, சார்ல்டன் மூவரும் தோளில் கைபோட்டு நிற்கிறார்கள். வடக்குப் பக்கம் போனால் அலெக்ஸ் ஃபெர்குசன், தம் பெயர் தாங்கிய கேலரிக்கு முன்னால், கைகட்டி. உயிரோடு இருக்கும்போதே சிலை வைத்துவிட்டார்கள். சொந்த அரங்க ஆட்டங்களில் குழு தடுமாறும்போதெல்லாம் தொலைக்காட்சிக் கேமரா மேலே உட்கார்ந்திருக்கும் அவர் முகத்தைத்தான் தேடும். அந்த இருக்கைக்குக் கீழே நின்று வேலை பார்ப்பது யாருக்கும் லேசல்ல.

அந்த வாரம் ஃபெர்குசன் பெயரும் வேறு விதத்தில் அடிபட்டது. ஓய்வுக்குப் பின் குழு அவருக்குக் கொடுத்துவந்த தூதர் பதவியை, ஆண்டுக்கு 2 மில்லியன் பவுண்டுக்கு மேல் என்று நாளேடுகள் எழுதிய அந்த ஒப்பந்தத்தை, பருவ முடிவோடு நிறுத்தப் போகிறார்கள் என்ற செய்தி. செலவைக் குறைக்கிறார்களாம்.

“ஃபெர்குசனுக்கே நாலு வருஷம் டைம் கொடுத்தாங்க மாமா. அதனால இவருக்கும் கொடுக்கணும்னு சில பேர் சொல்றாங்க” என்றான் அக்காள் மகன்.

இது ஓல்ட் டிராஃபர்டின் புராணம். 1986 நவம்பரில் வந்த ஃபெர்குசன் மூன்று ஆண்டுகள் ஒன்றுமே வெல்லவில்லை. 1989 டிசம்பரில் கிரிஸ்டல் பேலஸிடம் இங்கேயே தோற்ற நாளில் ஒரு ரசிகர் படுக்கை விரிப்பில் எழுதிப் பிடித்த பதாகை பிரபலம்: மூன்று ஆண்டாகச் சாக்குப்போக்கு, போய் வாருங்கள் என்ற பொருளில். அடுத்த மாதம் நாட்டிங்காம் ஃபாரஸ்டுடன் நடந்த எஃப்ஏ கிண்ண ஆட்டத்தில் மார்க் ராபின்ஸ் போட்ட ஒற்றைக் கோல்தான் அவர் வேலையைக் காப்பாற்றியது என்று இன்றும் சொல்வார்கள். அந்தப் பருவத்தின் கிண்ணத்தை வென்றார்கள். லீக்கில் பதின்மூன்றாவது இடம். 1993இல் 26 ஆண்டுகளுக்குப் பிறகு லீக் பட்டம். மொத்தம் 38 கிண்ணங்கள்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை ஒவ்வொரு நிர்வாகிக்கும் கேடயமாகப் பிடிப்பது சரியல்ல. பொறுமையாக இருந்ததால் ஒரு ஃபெர்குசன் கிடைத்தார் என்பதற்காக, பொறுமை காட்டினால் எல்லாரும் ஃபெர்குசன் ஆகிவிட மாட்டார்கள். பஸ்பி விலகியபின் பொருத்தமான ஆளைத் தேடித் தேடி, ஐரோப்பியக் கிண்ணம் வென்ற ஆறே ஆண்டில், 1974இல், இதே குழு இரண்டாம் நிலைக்கு இறங்கியது. ஃபெர்குசன் தாமே கைகாட்டிய டேவிட் மோய்ஸுக்கு ஆறு ஆண்டு ஒப்பந்தம் கொடுத்தார்கள். பத்து மாதம்தான் இருந்தார். 2014 மார்ச்சில் ரசிகர்கள் காசு சேர்த்து, அவர் தவறான ஆள் என்ற பதாகையுடன் ஒரு சிறு விமானத்தை இந்த அரங்கத்தின் மேல் பறக்கவிட்டார்கள். கீழே இருந்த கூட்டத்தில் பெரும்பாலோர் விமானத்தைப் பார்த்துக் கூச்சல் போட்டார்கள். குழு அன்று 4-1 என்று வென்றது. அடுத்த மாதம் மோய்ஸ் போனார். லூயி வான் ஹாலை எஃப்ஏ கிண்ணம் வென்ற இரண்டாவது நாளில் அனுப்பினார்கள். மொரின்யோவை 2018 டிசம்பரில்.

டென் ஹாக்குக்கும் நியாயம் இருந்தது. லீக் கிண்ணம் 2023, எஃப்ஏ கிண்ணம் 2024. அதுவும் மான்செஸ்டர் சிட்டியை வீழ்த்தி. அந்த வெற்றியைப் பார்த்துத்தான் மேலிடம் ஜூலையில் அவர் ஒப்பந்தத்தை 2026 வரை நீட்டியது. வேறு ஆள்களிடம் பேசிப் பார்த்துவிட்டு, ஒத்துவராமல் நீட்டியது என்பதும் ஊரறிந்த விஷயம். மறுபக்கம், அவர் காலத்தில் ஆட்டக்காரர்களுக்காகச் செலவழித்தது 600 மில்லியன் பவுண்டு அளவில். ஆன்டனி ஒருவருக்கே 80 மில்லியனுக்கு மேல்.

தென்கிழக்கு மூலையில் ஒரு பழைய கடிகாரம். மேலே 1958 பிப்ரவரி 6 என்ற தேதி, கீழே மியூனிக் என்ற பெயர். அந்த விமான விபத்தில் இறந்த 23 பேரில் எட்டுப் பேர் யுனைடெட் ஆட்டக்காரர்கள். நான் அது நின்றுபோன கடிகாரமாக இருக்கும் என்று எண்ணியிருந்தேன். இல்லை, ஓடுகிறது. அதன் கீழே வந்ததும் எங்களுக்கு முன்னால் சத்தமாக வாதாடிக்கொண்டிருந்த இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். தாண்டியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள்.

உள்ளே எங்கள் பக்கத்து இருக்கையில் ஒரு தாத்தாவும் பேரனும். தாத்தா டிராஃபர்ட் பார்க் ஆலை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அரங்கத்தின் பின்புறமே விரிந்திருக்கும் அந்தத் தொழிற்பேட்டை 1896இல் தொடங்கியது. இந்தக் குழுவை 1878இல் நியூட்டன் ஹீத்தில் ஆரம்பித்தவர்களும் ரயில்வே தொழிலாளர்கள்தாம். பேரனுக்கு எட்டு வயது. ஆண்டுக்கு நான்கு ஆட்டம் கூட்டி வருவாராம். சிறுவனுக்கு 25 பவுண்டு டிக்கெட்.

முதல் பாதியின் கடைசி நிமிடங்களில் நடந்ததைப் பலர் திரையில் பார்த்திருப்பீர்கள். தடுப்பாட்டக்காரர் டி லிக்ட் தலையில் காயம்பட்டு ரத்தம் நிற்காததால் நடுவர் அவரை வெளியே அனுப்பினார். ஓர் ஆள் குறைந்திருந்த அந்த நேரத்தில் பிரென்ட்ஃபோர்டுக்கு கார்னர் கிக். ஈத்தன் பின்னாக் தலையால் முட்டினார், கோல். டென் ஹாக் கோட்டோரம் கத்திக்கொண்டிருந்தார். சுற்றியிருந்த கூட்டம் நடுவரைத் திட்டுவதா டென் ஹாக்கைத் திட்டுவதா என்று தெரியாமல் இருவரையும் திட்டியது.

இடைவேளையில் கேலரிக்குக் கீழே பை வாங்கும் வரிசை. இங்கிலாந்தில் ஆட்டத்தைப் பார்த்தபடி மது குடிக்கச் சட்டம் இடம் தராது. ஆகவே எல்லாரும் கீழே இறங்கிப் பதினைந்து நிமிடத்தில் அவசரமாகக் குடித்து, அவசரமாகத் தீர்ப்பும் சொல்கிறார்கள். என் முன்னால் நின்றவர் இன்று இரவே அறிவிப்பு வரும் என்றார். பின்னால் நின்றவர் நாளை காலை என்றார்.

பிறகு 47ஆவது நிமிடத்தில் ராஷ்ஃபோர்ட் தூக்கிப் போட்ட பந்தை கர்னாச்சோ காற்றிலேயே உதைத்தார். 62ஆவது நிமிடத்தில் புரூனோ தட்டிவிட்டதை ஹோய்லண்ட் உள்ளே தள்ளினார். 2-1. எழுபதாயிரம் பேருக்கு மேல் ஒன்றாக எழுந்து கத்தும்போது காலடி சிமெண்ட் அதிர்வது திரையில் வராது. அதற்காகவாவது ஒருமுறை போய் வரலாம். ஆட்டம் முடிந்தபோது சவுத்கேட்டும் இல்லை, ஸிடானும் இல்லை. “வியாழன் வரைக்கும் நிம்மதி” என்றார் தாத்தா. வியாழக்கிழமை துருக்கியில் ஃபெனர்பாச்சேயுடன் ஆட்டம். அங்கே அப்போது நிர்வாகி யார் தெரியுமா? மொரின்யோ.

இரவு உணவுக்கு ரஷோம் பக்கம் போனோம். கறி மைல் என்று பெயர்பெற்ற தெரு. பாகிஸ்தானியக் கடைகளும் உண்டு, காரம் நம் நாக்குக்குச் சற்றுக் குறைவு. டாக்சி ஓட்டுநர் சிட்டி ரசிகர். “டென் ஹாக்குக்குப் பத்து வருஷ ஒப்பந்தம் கொடுக்கச் சொல்லுங்கள். நான் கையெழுத்து வேட்டை நடத்தத் தயார்” என்று சிரித்தார். அன்று முழுவதும் நான் கேட்டதிலேயே டென் ஹாக்குக்குக் கிடைத்த முழுமனதான ஆதரவு அதுதான்.

ஒன்பதாவது நாள், அக்டோபர் 28ஆம் தேதி, லண்டனில் வெஸ்ட் ஹாமிடம் 2-1 தோற்ற மறுநாள், டென் ஹாக்கை அனுப்பிவிட்டார்கள். நாங்கள் பார்த்ததே ஓல்ட் டிராஃபர்டில் அவருடைய கடைசி ஆட்டம். நவம்பர் முதல் தேதி அமோரிம் பெயர் அறிவிப்பானது. அக்காள் மகன் இரவு இரண்டு மணிக்கு எனக்கு வாட்ஸ்அப்பில் இருபது சிரிப்பு முகங்கள் அனுப்பினான்.

விலைப் பட்டியல் பிறகு வந்தது. டென் ஹாக்கையும் அவருடன் வந்தவர்களையும் அனுப்பியதற்கு 10.4 மில்லியன் பவுண்டு என்று குழுவின் கணக்கறிக்கை சொன்னது. அமோரிமை விடுவிக்க ஸ்போர்ட்டிங்குக்கு 11 மில்லியன் யூரோ. அந்தக் கோடையில்தான் 250 ஊழியர்களின் வேலையைக் குறைத்திருந்தார்கள். 2025 பிப்ரவரியில் மேலும் 200 வரை போகும் என்றார்கள். ஓல்ட் டிராஃபர்ட் ஊழியர்களின் இலவச மதிய உணவும் நின்றது. இவற்றுக்கு நடுவே, 2024 நவம்பர் இறுதியில், எஞ்சிய ஆட்டங்களுக்கான உறுப்பினர் டிக்கெட் எல்லாம் 66 பவுண்டு என்று அறிவித்தார்கள். ஏறக்குறைய 370 ரிங்கிட். சிறுவருக்கும் முதியவருக்கும் சலுகை கிடையாது. அரங்க வாசலில் ரசிகர்கள் எதிர்ப்புப் போராட்டம் நடத்தினார்கள். அக்காள் மகன் போய் நின்று ஒரு படம் அனுப்பினான். அதில் எந்த நிர்வாகியின் பெயரும் இல்லை. பதாகைகளில் இருந்தவை டிக்கெட் விலையும், 2005இல் கடன் வாங்கிக் குழுவை வாங்கிய கிளேசர் குடும்பத்தின் பெயரும்தான். ‘தாத்தாவைத் தேடினேன், காணோம்’ என்று கீழே எழுதியிருந்தான்.

அமோரிமின் முதல் பருவம் பதினைந்தாவது இடத்தில் முடிந்தது. 2025 மே 21ஆம் தேதி பில்பாவ் நகரில் யூரோப்பா லீக் இறுதியாட்டத்தில் டோட்டன்ஹாமிடம் 1-0. ஒரு வாரத்தில் அதே குழு களைத்த முகத்துடன் நம் கோலாலம்பூருக்கு வந்து, புக்கிட் ஜாலிலில் 72,000க்கும் மேற்பட்ட கூட்டத்தின் முன் ஆசியான் நட்சத்திரக் குழுவிடமும் 1-0 தோற்றது. மியன்மாரின் மாவ்ங் மாவ்ங் லுவின் போட்ட கோல். நம்மவர்கள் வெறுப்பில் கூச்சலிட்டார்கள்.

திரும்பும் எல்ஆர்டியில் மூச்சுவிட இடமில்லை. இருந்தும் பேச்சு நிற்கவில்லை. இன்னும் ஒரு வருஷம் கொடுக்க வேண்டும் என்றார் ஒருவர். கிரிஸ்டல் பேலஸுக்கு அப்போதுதான் எஃப்ஏ கிண்ணம் வாங்கிக் கொடுத்திருந்த கிளாஸ்னரைக் கூப்பிடலாம் என்றார் இன்னொருவர். கதவோரம் பிள்ளையைத் தோளில் தூங்கவைத்திருந்த ஓர் அப்பா, சவுத்கேட் சும்மாதானே இருக்கிறார் என்றார். பெட்டியில் பாதிப் பேர் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.